பச்சையப்பர் விட்டுச் சென்ற லட்சம் வராகன்

சோமனூரில் ரயில் ஏறிச் சென்னைக்கு வருகிற ஒருவர், சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ ரயிலில் அண்ணா நகர்ப் பக்கம் போனால், வழியில் ஒரு நிலையத்தின் பெயர் காதில் விழும். பச்சையப்பன் கல்லூரி! 2017-ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட நிலையம் அது. தினமும் ஆயிரக்கணக்கானோர் அந்தப் பெயரைக் கேட்கிறார்கள். யார் அந்தப் பச்சையப்பன்?

அவர் கல்லூரி நடத்தியவர் அல்ல. பள்ளிக்கூடம் கட்டியவரும் அல்ல. பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று அவர் சொல்லி வைத்ததாகக்கூடத் தெரியவில்லை. அவர் கொடுத்ததெல்லாம் கோயிலுக்கும் அன்னதானத்துக்கும்தான். அவர் கண்ணை மூடி 48 ஆண்டுகள் ஆன பிறகுதான், அவர் பெயரால் முதல் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது.

அது எப்படி நடந்தது? அது ஓர் உயிலின் கதை. ஒரு வழக்கின் கதையும்கூட. ஆனால் கதை தொடங்குவது ஒரு விதவைத் தாயின் கண்ணீரில்.

பிறக்கும் முன்பே தந்தை இல்லை

பச்சையப்பரின் தந்தை விசுவநாத முதலியார். தாயார் பூச்சியம்மாள். குடும்பத்துக்குச் சொந்த ஊர் காஞ்சிபுரம். இரண்டு பெண் குழந்தைகள் இருந்தார்கள். மூன்றாவது குழந்தை வயிற்றில் இருக்கும்போதே விசுவநாத முதலியார் காலமாகிவிட்டார்.

கையில் இரண்டு பெண்கள், வயிற்றில் ஒரு சிசு. சோறு போட ஆள் இல்லை. பூச்சியம்மாள் என்ன செய்வார்? கணவரின் நண்பர் ரெட்டி ராயர் என்பவர் பெரியபாளையத்தில் இருந்தார். அவரிடம் போய்ச் சேர்ந்தார். அவர் கைவிடவில்லை. இருக்க இடம் கொடுத்தார். அந்த ஆதரவில்தான் 1754-ஆம் ஆண்டில் பச்சையப்பர் பிறந்தார்.

பையனுக்கு ஐந்து வயது ஆனபோது அந்த நிழலும் போயிற்று. ரெட்டி ராயர் இறந்துபோனார். மறுபடியும் தெருவுக்கு வந்தது குடும்பம்.

இந்த முறை பூச்சியம்மாள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு சென்னைப் பட்டணத்துக்கு வந்தார். அங்கே நாராயண பிள்ளை என்பவர் பெரிய செல்வாக்கோடு இருந்தார். பவுனி என்ற வெள்ளைக்கார வர்த்தகரிடம் அவர் துபாஷாக இருந்ததால், ஊரார் அவரைப் பவுனி நாராயண பிள்ளை என்றே அழைத்தார்கள். அவர் அந்த ஏழைக் குடும்பத்தை ஏற்றுக்கொண்டார். சிறுவனுக்குப் படிப்பும் கணக்கும் சொல்லி வைத்தார். பிறகு தம் தொழிலையும் பழக்கினார்.

இரண்டு முறை யாரோ ஒருவர் கதவைத் திறந்ததால் பிழைத்த குடும்பம் அது. பின்னால் பச்சையப்பர் தம் செல்வத்தை எழுதி வைத்த விதத்தைப் பார்க்கும்போது, இதை நினைக்காமல் இருக்க முடியாது.

துபாஷ் என்றால் யார்?

இன்று அந்தச் சொல் வழக்கில் இல்லை. இரண்டு பாஷை தெரிந்தவர் என்பது அதன் பொருள். ஆனால் துபாஷின் வேலை மொழிபெயர்ப்பு மட்டும் அல்ல.

அந்தக் காலத்தில் கிழக்கிந்தியக் கும்பினி சென்னையில் முக்கியமாக என்ன வாங்கியது? துணி! நம் நாட்டுப் பருத்தித் துணிக்குச் சீமையில் அவ்வளவு கிராக்கி. ஆனால் வெள்ளைக்காரருக்கு நெசவாளர் யார் என்று தெரியாது. பாஷை தெரியாது. ஊர் தெரியாது. எந்த ஊரில் எந்த ரகம் நெய்கிறார்கள், யாருக்கு முன்பணம் கொடுக்கலாம், யார் ஏமாற்றுவார் என்பதெல்லாம் தெரியாது. இடையில் நின்று முன்பணம் கொடுத்து, சரக்கு வாங்கி, கணக்கு முடிக்க நம்மவர் ஒருவர் வேண்டும்.

சோமனூர்ப் பக்கம் தறி வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வியாபாரியிடம் பாவும் ஊடை நூலும் வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுக்கிறவர்கள் அவர்கள். நூல் ஒருவருடையது, தறி ஒருவருடையது, துணி போகிற இடம் வேறு. நடுவில் இருப்பவர் கையில்தான் பணம் புரளும்.

துபாஷ் அப்படிப்பட்டவர். வெள்ளைக்காரரின் வீட்டுச் செலவு முதல் வியாபாரம் வரை அவர் கையில் இருக்கும். தரகு கிடைக்கும். தரகில் சேர்ந்த பணம் கடனாக வெளியே போகும். வட்டியோடு திரும்பி வரும். பாங்கி என்ற பெயர்ப் பலகை இல்லை. ஆனால் அந்தக் காலத்தின் பாங்கிக்காரர் அவர்தான்.

பச்சையப்பர் இந்தத் தொழிலில் இளம் வயதிலேயே இறங்கினார். கெட்டிக்காரர். நாணயமானவர் என்றும் பெயர் எடுத்தார். வியாபாரத் தரகில் தொடங்கியவர், செங்கற்பட்டுச் சீமையில் வரி வசூல் குத்தகை வரை வளர்ந்தார். கும்பினி அதிகாரிகளுக்குத் துபாஷ் ஆனார். கடைசியில் தஞ்சாவூர் வரை அவர் கை நீண்டது.

அரசர்களே கடன் வாங்கிய காலம்

அந்த நாளில் கடன் வாங்கியவர்கள் சாதாரண மனிதர்கள் மட்டுமா? ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி கடனில் மூழ்கிக் கிடந்தார். அவருக்குக் கடன் கொடுத்த வெள்ளைக்காரர்களின் ஊழல் லண்டன் பார்லிமெண்டு வரை போய், 1785-ல் எட்மண்ட் பர்க் அதைக் கிழித்துப் பேசினார்.

தஞ்சாவூரின் நிலையும் அப்படித்தான். 1773-ல் நவாப் கும்பினிப் படையின் துணையோடு தஞ்சையைப் பிடித்தார். 1776-ல் துளஜா மன்னருக்கு ராஜ்யம் திரும்பக் கிடைத்தது. ஆனால் சும்மா கிடைக்கவில்லை. கும்பினிப் படையின் செலவுக்காக ஆண்டுதோறும் 4 லட்சம் வராகன் கட்ட வேண்டும் என்று ஏற்பாடு. 1781-ல் ஹைதர் அலியின் படை வந்து நாட்டைச் சூறையாடியது. வயல்கள் பாழாயின.

வராகன் என்பது பொன் நாணயம். ஒரு வராகன் ஏறத்தாழ மூன்றரை ரூபாய்.

நெல் விளைந்து வரி வந்தால்தான் மன்னரிடம் பணம். ஆனால் கும்பினிக்கு அறுவடை வரை பொறுமை இல்லை. தவணை தவறினால் தொல்லை. அப்போது முன்கூட்டிப் பணம் கொடுக்கத் தனவந்தர்கள் வேண்டும். வரவிருக்கும் வரியே அந்தக் கடனுக்கு ஈடு. தஞ்சையில் பச்சையப்பர் செய்தது இப்படிப்பட்ட பெரிய கொடுக்கல் வாங்கல்தான். அவருடைய செல்வத்தில் பெரும் பகுதி காவேரிக் கரையில் திரண்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வட்டியும் வரிக் குத்தகையும் கடைசியில் யார் தலையில் விழுந்தன? உழுகிறவன் தலையில்தான். துபாஷ்கள் என்றாலே அந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒரு கசப்பு உண்டு. பச்சையப்பர் மட்டும் வானத்திலிருந்து விழுந்த பொன்னைச் சேர்த்தவர் அல்ல. அவரும் அதே தொழிலைச் செய்தவர்தான். ஆனால் அந்தக் காலத்தில் அவரைப்போலச் சம்பாதித்த துபாஷ்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் பலருடைய பெயர் இன்று ஒரு தெருப் பலகையில் மட்டும் நிற்கிறது. சிலருக்கு அதுவும் இல்லை.

கூவத்தில் குளித்தவர்

பணம் சேர்ந்த பிறகும் பச்சையப்பர் பக்தியில் மாறவில்லை. கறுப்பர் பட்டணத்தில் குடியிருந்த அவர், கோமளீசுவரன்பேட்டைக்குப் போய்க் கூவத்தில் நீராடிக் கோமளீசுவரரைக் கும்பிடுவார் என்று சொல்வார்கள். கூவத்திலா என்று இன்று மூக்கைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். அன்று அது குளிக்கிற ஆறு!

சிதம்பரம் நடராஜர் மேல் அவருக்குத் தனிப் பற்று. அங்கே கீழைக் கோபுரத் திருப்பணியில் அவர் குடும்பத்துக்குப் பங்கு உண்டு. அந்தக் கோபுரத்தில் பச்சையப்பருக்கு உருவச் சிலையும் இருக்கிறது. கோடிக்கணக்கில் பணம் புழங்கும் இந்தக் காலத்திலும் கோபுரத்தில் சிலையாக நிற்பது எல்லாருக்கும் கிடைத்துவிடுகிற பேறு அல்ல.

அன்னதானத்தில் அவருக்கு இருந்த அக்கறைக்கும் காரணம் உண்டு. ஹைதர் படையெடுப்புக்குப் பின் கர்நாடகச் சீமை முழுவதும் பஞ்சம். பட்டணத்துக்குள் பட்டினி ஜனங்கள் வந்து குவிந்தார்கள். 1782-ல் சென்னையில் மணியக்காரர் சத்திரம் தோன்றியதே அந்தப் பஞ்சத்தில்தான். ஒரு வேளைச் சோற்றுக்கு என்ன விலை என்பதைப் பச்சையப்பர் குழந்தையாகவும் அறிந்தார், தனவந்தராகவும் கண்டார்.

வீட்டில் மட்டும் ஒரு குறை. தம் சகோதரியின் மகளையே மணந்திருந்தார். பிறகு இரண்டாவதாக ஒரு மணமும் நடந்தது. ஆனால் சொத்தை ஆள ஆண் வாரிசு இல்லை. இரண்டு மனைவியர் இருந்த வீட்டில் அமைதி எவ்வளவு இருந்திருக்கும் என்பதை வாசகர்கள் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்!

ஒன்பது நாள்

1794-ஆம் ஆண்டு. பச்சையப்பருக்கு வயது 40. உடம்பு தளர்ந்துவிட்டது. சோழ நாட்டில் இருந்தார். முடிவு நெருங்குவதை உணர்ந்துகொண்டார்.

மார்ச் மாதம் 22-ந் தேதி தம் உயிலை எழுதினார்.

இன்று உயில் என்பது சாதாரண விஷயம். கிராமத்திலும் எழுதுகிறார்கள். அன்று அப்படி இல்லை. நம்மவர் வழக்கத்தில் சொத்து தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். மகன் இல்லாவிட்டால் தத்து எடுப்பார்கள், அல்லது பங்காளிகள் எடுத்துக்கொள்வார்கள். இறந்த பிறகு இன்னது செய்யுங்கள் என்று எழுதி வைப்பது வெள்ளைக்காரர் பழக்கம். அதைக் கைக்கொண்ட முதல் சில இந்தியர்களில் பச்சையப்பர் ஒருவர். வெள்ளைக்காரரோடு பழகியதில் அவர் கற்றுக்கொண்ட பாடம் அது என்று சொல்ல வேண்டும்.

கோயில்களில் பூஜையும் உற்சவமும் நடக்க வேண்டும், ஏழைகளுக்குச் சோறு போட வேண்டும். காசி முதல் கன்னியாகுமரி வரை தர்மங்கள் நடக்க வேண்டும். இதுதான் அவர் விருப்பம். அதற்கென்று விட்ட தொகை ஒரு லட்சம் வராகன். அதாவது ஏறத்தாழ மூன்றரை லட்சம் ரூபாய். எந்தக் காலத்து மூன்றரை லட்சம்? 1794-ஆம் ஆண்டின் மூன்றரை லட்சம்!

உயில் எழுதிய ஒன்பதாம் நாள், மார்ச் 31-ந் தேதி, திருவையாற்றில் பச்சையப்பர் காலமானார். ஐயாறப்பர் சன்னிதியும் காவேரியும் உள்ள ஊர். சைவர் ஒருவர் கண் மூட விரும்பும் தலம்.

செத்தவர் சொல்லை யார் கேட்பது?

உயிலில் எழுத்து இருந்தது. ஆனால் எழுத்து தானாக நடந்துவிடுமா? நிறைவேற்ற ஆள் வேண்டும். பச்சையப்பர் போனதும் அந்த ஆள்தான் இல்லாமல் போனார்.

சொத்து என்றால் அது ஒரே பெட்டியில் இருந்த பொன் அல்ல. வட்டிக்குக் கொடுத்தவர் சொத்து எப்படி இருக்கும்? பாதி காகிதத்தில் இருக்கும். இன்னார் இவ்வளவு தர வேண்டும் என்ற பத்திரம், தவணை, பாக்கி, வழக்கு. கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரை வாங்கியவர் பயப்படுவார். அவர் போய்விட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். உள்ளே உறவினர் சண்டை, வெளியே வசூலாகாத கடன்.

குடும்பத்தார் உரிமை கேட்டார்கள். பொறுப்பில் இருந்தவர்கள் மேல் குற்றச்சாட்டு எழுந்தது. வழக்கு தொடங்கியது. ஒரு வழக்கிலிருந்து இன்னொரு வழக்கு கிளைத்தது.

நீதிமன்றமே அந்தக் காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. உயில் எழுதியபோது சென்னையில் இருந்தது மேயர் கோர்ட்டு. 1798-ல் ரிக்கார்டர் கோர்ட்டு வந்தது. 1801-ல் சுப்ரீம் கோர்ட்டு வந்தது. இது இன்று டெல்லியில் உள்ள சுப்ரீம் கோர்ட்டு அல்ல. அன்று சென்னைக்கென்றே இருந்த பெரிய நீதிமன்றம். கோர்ட்டு மாறியது, நீதிபதிகள் மாறினார்கள், வழக்கு மட்டும் மாறவில்லை.

பத்து ஆண்டு போயிற்று. இருபது ஆண்டு போயிற்று. பச்சையப்பரை நேரில் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். அவர் நினைத்த விளக்குகள் எரியவில்லை. இலைகள் போடப்படவில்லை. நாற்பது ஆண்டுக்கு மேல் இந்த நிலை நீடித்தது.

தூங்கிய பணம் வளர்ந்தது

இங்கேதான் கதையில் ஒரு விந்தை.

வழக்கில் சிக்கிய பணத்தை யாரும் தொட முடியாது. செலவு செய்யவும் முடியாது. ஆனால் வட்டி? வட்டிக்கு வழக்கு தெரியாது. அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போகும்.

ஒரு சின்னக் கணக்கு. நூறு ரூபாய்க்கு வருஷம் 6 ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். பதினேழு வருஷத்துக்குள் வட்டி மட்டுமே 100 ரூபாய் ஆகிவிடும். முதல் அப்படியே இருக்கும். வாங்கியவனுக்கு வட்டி எமன். வைத்திருப்பவனுக்கு அது பசுமாடு. கந்து வட்டிக்கு வாங்கித் தறி ஓட்டியவர்களுக்கு இதன் முதல் பாதி நன்றாகவே தெரியும். பச்சையப்பர் சொத்தில் நடந்தது இரண்டாம் பாதி.

வழக்குச் செலவும் முறைகேடும் தின்றது போக, மிஞ்சிய பணம் இப்படியே வளர்ந்தது. உயிரோடு இருந்தபோது வட்டியால் செல்வம் சேர்த்தவரின் பணம், அவர் இறந்த பிறகும் அதே தொழிலைச் செய்துகொண்டிருந்தது!

ஜார்ஜ் நார்ட்டன்

இந்த நேரத்தில் வந்து சேர்ந்தவர் ஜார்ஜ் நார்ட்டன். 1828 முதல் சென்னையில் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஆங்கிலேயர். அரசாங்கத்தின் தலைமை வக்கீல்.

ஆங்கிலச் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. தர்மச் சொத்துக்கு நேரடியான சொந்தக்காரர் கிடையாது. சோறு தின்ன வேண்டிய ஏழை கோர்ட்டுக்கு வரமாட்டான். அதனால் தர்மத்துக்காகப் பேசும் உரிமை அட்வகேட் ஜெனரலுக்கு இருந்தது. நார்ட்டன் அந்த உரிமையை எடுத்துக்கொண்டு வழக்கில் இறங்கினார்.

பச்சையப்பரின் பணம் தர்மத்துக்கு உரியது, தனி மனிதருக்கு அல்ல என்பது நிலைநாட்டப்பட்டது. 1832-லும், பிறகு 1841-லும் வந்த தீர்ப்புகள் விஷயத்தை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தன. கோயில் தர்மங்களுக்கும் அன்னதானத்துக்கும் வேண்டிய தொகை தனியாக ஒதுக்கப்பட்டது. அது போகவும் லட்சக்கணக்கான ரூபாய் மிச்சம் நின்றது. அவ்வளவும் வளர்ந்த வட்டி.

மிச்சத்தை என்ன செய்வது? உறவினரிடம் கொடுக்க முடியாது. கோயில்களுக்கு வேண்டியதோ ஏற்கெனவே ஒதுக்கியாயிற்று. தர்மத்துக்கென்று விட்ட பணம் மிகுந்துபோனால், அதை வேறொரு தர்மத்துக்குச் செலவிடக் கோர்ட்டு கட்டளையிடலாம். இந்து மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பது என்று முடிவாயிற்று.

ஏன் கல்வி? அன்றைய சென்னையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலம் படித்தால் உத்தியோகம். ஆனால் ஆங்கிலம் படிக்க இடம்? 1837-ல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தார். நல்ல பள்ளிக்கூடம்தான். ஆனால் 1841-ல் அங்கே படித்த இளைஞர்கள் சிலர் கிறிஸ்தவர்களானார்கள். பட்டணத்து இந்துக் குடும்பங்கள் கலங்கின. படிப்பும் வேண்டும், பிள்ளையும் நம் பிள்ளையாகவே இருக்க வேண்டும் என்று தவித்தார்கள். அரசாங்கம் அதே 1841-ல் ஒரு உயர்தரப் பள்ளியைத் திறந்தது. அதன் நிர்வாகத்திலும் நார்ட்டன் முன்னே நின்றார். ஆனால் அது எல்லாருக்கும் எட்டும் பள்ளி அல்ல.

தர்மத்தை நடத்த இந்துப் பிரமுகர்களைக் கொண்ட ஒரு குழு அமைந்தது. அதில் முக்கியமானவர் கோமளீசுவரன்பேட்டை சீனிவாச பிள்ளை. பச்சையப்பர் குளித்துக் கும்பிட்ட அதே பேட்டைக்காரர்!

1842, ஜனவரி 1

1842-ஆம் ஆண்டு, புத்தாண்டு நாள். சென்னை பிராட்வேயில் பச்சையப்பர் பெயரால் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. வெள்ளைக்காரரின் கஜானாவிலிருந்தோ பாதிரிமாரின் நிதியிலிருந்தோ அல்லாமல், நம்மவர் ஒருவர் விட்டுச் சென்ற பணத்தில், நம்மவரே நிர்வாகம் செய்ய எழுந்த பள்ளி. தென்னாட்டில் அது புதிது.

இதே போன்ற ஒரு கதை அமெரிக்காவிலும் உண்டு. பிலடெல்பியா நகரத்தில் ஸ்டீபன் ஜிரார்டு என்ற பெரிய பாங்கிக்காரர் இருந்தார். 1831-ல் இறந்தார். பிள்ளை இல்லை. அனாதைச் சிறுவர்களுக்குப் பள்ளி கட்டும்படி உயில் எழுதி வைத்தார். உறவினர்கள் வழக்குப் போட்டார்கள். 1844-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு உயில் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பள்ளி திறந்த தேதி 1848, ஜனவரி 1. நம் பச்சையப்பர் பள்ளி அதற்குச் சரியாக ஆறு வருஷம் முந்தியது. கடல் கடந்த ஜிரார்டின் பெருமையைப் பாடுகிறவர்கள், திருவையாற்றில் கண் மூடியவரையும் ஒரு முறை நினைக்கலாம்.

பள்ளிக்குப் பெரிய கட்டடம் தேவைப்பட்டது. எஸ்பிளனேடில் இடம் கிடைத்தது. 1846-ல் அடிக்கல் நாட்டினார்கள். 1850-ல் கவர்னர் ஹென்றி பாட்டிஞ்சர் திறந்து வைத்தார். கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரத்தில் உள்ள பழைய கோயில் ஒன்றை மாதிரியாக வைத்து, பெரிய பெரிய தூண்களோடு எழுப்பிய மண்டபம் அது. சிவன் கோயில்களுக்குப் பணம் விட்டவர் பெயரில் கிரேக்கக் கோயில்! பச்சையப்பர் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ?

படித்தவர்கள்

1889-ல் பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. பிறகு பாரிமுனைப் பக்கத்து நெரிசலில் இடம் போதவில்லை. 1940-ல் சேத்துப்பட்டில் விசாலமான இடத்துக்குக் கல்லூரி மாறியது.

1906-ல் கும்பகோணத்திலிருந்து ஓர் ஏழைப் பையன் வந்து சேர்ந்தான். கணக்கில் புலி. மற்றப் பாடங்களில் தோல்வி. இரண்டு முறை பரீட்சை எழுதியும் தேறவில்லை. ஆனால் கணிதப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் அவனுடைய அறிவைக் கண்டுகொண்டார். பையன் பெயர் ராமானுஜன். உலகம் வியந்த கணித மேதை. அவர் பட்டம் வாங்காத கல்லூரி என்பதிலும் பச்சையப்பன் கல்லூரிக்கு ஒரு பங்கு பெருமைதான்.

தமிழுக்கும் அந்தக் கல்லூரி வீடாக இருந்தது. டாக்டர் மு. வரதராசனார் 1939 முதல் இருபது ஆண்டுக்கு மேல் அங்கே தமிழ் சொல்லிக் கொடுத்தார். அவருடைய நாவல்களைப் படிக்காத குடும்பம் ஒரு காலத்தில் இல்லை.

இன்னொருவர் காஞ்சிபுரத்துக்காரர். நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். காஞ்சியில் பச்சையப்பர் பள்ளியில் படித்து, சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ. வரை முடித்தார். 1967-ல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். அவர்தான் அறிஞர் அண்ணா. தறி ஓசை கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் கும்பினிக் காலத்துத் துணி வியாபாரத்தில் புரண்ட பணம் படிப்பாக வந்து சேர்ந்தது. நெசவாளன் உழைப்பில் ஒரு பங்கு நூற்றைம்பது ஆண்டு கழித்து நெசவாளன் வீட்டுக்கே திரும்பியது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தவறு இல்லை.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்துக்களின் கல்விக்கு என்று ஏற்பட்ட நிதி என்பதால், நெடுங்காலம் மற்ற மதத்துப் பிள்ளைகளுக்கு அங்கே இடம் இல்லாமல் இருந்தது. நாடு சுதந்திரம் பெற்ற 1947-ல்தான் கதவு எல்லாருக்கும் திறந்தது.

இரண்டு கணக்கு

பச்சையப்பர் அறக்கட்டளை இன்றும் இருக்கிறது. அவர் எழுதி வைத்த கோயில் தர்மம் ஒரு பக்கம், அவர் எழுதி வைக்காத கல்லூரிகளும் பள்ளிகளும் மறு பக்கம் என்று இரண்டு கணக்கு. நிர்வாகத்தில் தகராறு வந்தால் இப்போதும் உயர்நீதிமன்றம்தான் தலையிடுகிறது. அறக்கட்டளைத் தேர்தல் என்றும், நிர்வாகி நியமனம் என்றும் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது. 1794-ல் பிடித்த கோர்ட்டு வாசல் இன்னும் முழுவதும் விட்டபாடில்லை!

வயிற்றில் குழந்தையோடு பூச்சியம்மாளின் குடும்பம் ஆதரவற்று நின்ற காஞ்சிபுரத்தில் 1947-ல் ஆடவருக்கு ஒரு பச்சையப்பன் கல்லூரி ஏற்பட்டது. பிறகு பெண்களுக்கும் ஒன்று வந்தது. சுற்று வட்டாரத்து நெசவாளர் வீட்டுப் பெண்களும் உழவர் வீட்டுப் பெண்களும் காலையில் பஸ் ஏறி அங்கே படிக்க வருகிறார்கள்.